பால் கணக்கும் நெட் கணக்கும்

பெரம்பலூரில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வராத நாளில் அந்தத் தேதியைச் சுற்றி அம்மா ஒரு வட்டம் போடுவார். மாதம் முடிந்து பால்காரர் வாசலில் வந்து நின்றால் வட்டங்களை எண்ணி, அத்தனை நாள் காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். பால்காரர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய நோட்டிலும் அதே எண்ணிக்கைதான் இருக்கும். 2022 ஆகஸ்டில் அந்தக் காலண்டரில் வேறொரு குறியும் விழ ஆரம்பித்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி. நெட் இல்லாத நாள் என்று அர்த்தம். அந்த மாதம் வரிசையாக 9 பெருக்கல் குறிகள்.

வீட்டு இணையத்தை விற்கிறவர்கள் நம்மிடம் இரண்டு எண்களைச் சொல்கிறார்கள். ஒன்று வேகம், எத்தனை எம்.பி.பி.எஸ். மற்றொன்று அளவு, எத்தனை ஜி.பி. பெரம்பலூர், அரியலூர் மாதிரியான ஊர்களில் வாழ்க்கையைத் தீர்மானிப்பது மூன்றாவதாக ஓர் எண். மாதத்தில் எத்தனை நாள் அந்த இணைப்பு வேலை செய்தது என்பது. அதைச் சொல்லி யாரும் விற்பதில்லை, சொல்லிக் கேட்டு யாரும் வாங்குவதுமில்லை. டேட்டா வரம்பைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நாம் பேசிய பேச்சில் பாதியையாவது இந்த நாள் கணக்கின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் வரம்பின் கதையைப் பார்த்துவிடலாம். 1995இல் திருச்சி மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அகலக்கற்றை என்று சொல்லத்தக்கது வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ சேவையைத் தொடங்கியது. வேகம் 256 கே.பி.பி.எஸ். 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை வகுத்த குறைந்தபட்சமும் அதுவேதான். 500 ரூபாய்த் திட்டத்தில் மாதத்துக்குச் சில நூறு எம்.பி., பிறகு ஒன்று, இரண்டு ஜி.பி. என்று அளந்து கொடுத்தார்கள். தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக்காசு. ஆனால் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை ஓடுவது கணக்கில் சேராது. அந்தத் தலைமுறையில் இன்ஜினீயரிங் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடு போட்டுவிட்டுத் திரும்பப் படுத்த நினைவு பலருக்கும் இருக்கும்.

பிறகு ‘அன்லிமிடெட்’ என்ற சொல் வந்தது. அதன் காலடியில் சின்ன எழுத்தில் ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற நிபந்தனை வந்தது. குறிப்பிட்ட ஜி.பி. வரை சொன்ன வேகம், அதற்கு மேல் நத்தை வேகம். காசு ஏறாது, ஆனால் எதுவும் நகராது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதில் தலையிட்டது. வரம்பு தாண்டிய பிறகும் கம்பிவழி அகலக்கற்றையின் வேகம் 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போகக்கூடாது, வரம்பில் பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுதும் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. வாடிக்கையாளர் நிஜமாகவே அனுபவித்த ஒரு தொல்லைக்கு நேரடியான பதில்.

இன்று அந்தத் தொல்லை வீட்டு இணைப்பில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தபோது அதன் 699 ரூபாய்த் திட்டத்துக்கு 100 ஜி.பி.தான் அடிப்படை அளவு. ஓராண்டில் நிலைமை தலைகீழ். 2020 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த 449 ரூபாய் ஃபைபர் திட்டம் 30 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 3300 ஜி.பி. தந்தது. பெரிய தனியார் நிறுவனங்களும் அதே 3300இல் வந்து நின்றன. 3300 ஜி.பி. என்றால் எவ்வளவு? முழு எச்.டி. படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜி.பி. எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 1100 மணி நேரம் பார்க்கலாம். 30 நாள் மாதத்துக்கு இருப்பதோ 720 மணி நேரம்தான். நிறுத்தாமல் ஓடவிட்டாலும் ஒரு டிவியால் அந்த வரம்பைத் தொட முடியாது.

வரம்பு இப்போது கடிப்பது கைபேசியில். 2024 முடிவில் இந்தியாவின் அகலக்கற்றை இணைப்புகள் 94 கோடியைத் தாண்டின. அவற்றில் கம்பிவழி வந்தவை 4 கோடிச் சொச்சம். மற்றதெல்லாம் சிம் கார்டு. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஒரு சராசரி வீட்டில் ‘நெட்’ என்றால் அப்பாவின் போனில் போட்ட தினசரி ஒன்றரை ஜி.பி. பேக்தான். அதைத்தான் பிள்ளைகள் ஹாட்ஸ்பாட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒன்றரை ஜி.பி. தீர்ந்தால் வேகம் பெரும்பாலான பேக்குகளில் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கும். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். டி.என்.பி.எஸ்.சி. ஹால்டிக்கெட் 1 எம்.பி. இருந்தால் அது இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், இடையில் அறுந்துபோகாமல் இருந்தால். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு என்று தமிழக அரசு அறிவித்ததே, அது இந்தத் தட்டுப்பாட்டை அரசே ஒப்புக்கொண்ட அறிவிப்பு. தினப்படி அளந்து தருவதன் கொடுமை என்னவென்றால் படிப்பு தினப்படி சமமாக வருவதில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் ஐந்து ஜி.பி. வேண்டும், மறுநாள் ஒன்றுமே வேண்டாம். நேற்று மிஞ்சியது இன்றைக்கு உதவாது.

இதற்காகத்தான் கைபேசியில் திண்டாடிய குடும்பங்கள் வீட்டுக்குக் கம்பி இழுக்க நினைக்கின்றன. இழுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான கதை.

சின்ன ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் கேபிள்காரர் கையால்தான் வீட்டுக்கு வருகிறது. பி.எஸ்.என்.எல்.லும் உள்ளூர்க் கேபிள்காரர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு, கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, கடைசிக் கிலோமீட்டரை அவர்களிடம் விட்டிருக்கிறது. இது குறை சொல்லும் விஷயமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் குன்னம் பக்கத்துக் கிராமத்துக்குக் கண்ணாடி இழை இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் வந்திருக்கும். ஒரு இழை தெருவுக்கு வந்து, ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் பிரிந்து, 32 அல்லது 64 வீட்டுக்குப் போகிறது. ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் அந்த ஒரு இழையில் ஓடுவது சுமார் 2.5 ஜிகாபிட். 64 வீடும் ஒரே விநாடியில் முழுசாக இழுத்தாலும் தலைக்கு 39 எம்.பி.பி.எஸ். வரும். ஆக, நெருக்கடி தெருப் பெட்டியில் பிறப்பதில்லை. அதற்கு மேலே, திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ அந்த ஊருக்காக வாங்கிய மொத்த அலைவரிசை எவ்வளவு என்பதில் பிறக்கிறது.

ஒரு வீட்டு அலைவரிசையை எத்தனை பேருக்குப் பங்கு போடலாம் என்று டிராய் 2009இல் ஓர் அளவு சொன்னது. வீடுகளுக்கு ஒன்றுக்கு ஐம்பது, நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு முப்பது. ஐம்பது வீட்டுக்கும் 30 எம்.பி.பி.எஸ். என்று விற்று, மேலே ஒரே ஒரு 30ஐ வாங்கி வைத்தாலும் அந்த அளவுக்குள் அடங்கும். எல்லாரும் ஒன்றாக இழுத்தால் தலைக்கு 0.6. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. ஒருவர் மெயில் படிப்பார், ஒருவர் சும்மா இருப்பார் என்ற காலத்துக்கு அது சரி. இப்போது இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லா வீட்டிலும் வீடியோ ஓடுகிறது. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிகாட்டைப் பாருங்கள். ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஊர். அங்கே வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு வீட்டுக்கு வீடியோ கால் போடும் நேரம் துபாயில் இரவு எட்டரை என்றால் இங்கே பத்து மணி. நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம். உறங்கப்போகும் பிள்ளையின் முகம் திரையில் உறைந்து நிற்க, குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். அந்த வீட்டின் திட்டத்தில் மூவாயிரம் ஜி.பி. மிச்சம் இருப்பதால் அவர்களுக்கு என்ன பயன்?

நெரிசலாவது இரவில் வந்து காலையில் போய்விடும். அறுபடுவது அப்படியில்லை.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் இடையே லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சாலையின் குறுக்கே கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்பு ஒயர் சற்றே தாழ்ந்திருந்தால் போதும், உயரமாக ஏற்றிய ஒரு வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே புதைத்தால் வேறு ஆபத்து. கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வழியாகப் போகும் திருச்சி–சிதம்பரம் சாலையை அகலப்படுத்தியபோது ஓரங்களெல்லாம் ஜே.சி.பி. கையில் இருந்தன. தோண்டுவதால் நாடு முழுதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஃபைபர் அறுகிறது, 3000 கோடி ரூபாய் நட்டம் என்று மத்திய அரசே கணக்குச் சொன்னது. தோண்டுமுன் தெரிவிப்பதற்காக 2023 மார்ச்சில் ஒரு செயலியும் வந்தது. மண்ணுக்குள் இருக்கும் கம்பிக்கு அது உதவும். புளிய மரத்திலும் கரன்ட் கம்பத்திலும் தொங்குகிற கம்பிக்கு எந்தச் செயலியும் இல்லை. நம் தெருக்களில் இருப்பதோ பெரும்பாலும் அந்தத் தொங்கும் கம்பிதான்.

எங்கள் வீட்டின் அந்த 9 நாளும் அப்படி வந்தவையே. வைஃபை பெட்டியில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு லைட் எரிந்தது. வெளிச்சம் வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம் அது. அழைப்பு மையத்துக்குப் போன் போட்டால் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். புகார் எண் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி புகார், மறுபடி எண், மறுபடி அதே செய்தி. அக்கா பிள்ளைக்குக் கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த வாரம். பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டில்தான் விருப்பப் பட்டியலைப் பூட்டினோம்.

ஒன்பதாம் நாள் மாலை லைன்மேன் தம்பி வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். அறுந்த இடம் எங்கள் தெருவில் இல்லை, மூன்று தெரு தள்ளி. கம்பத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கறுப்பு உறையை உரித்து, உள்ளே தலைமுடி அளவேயான இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மிஷினுக்குள் வைத்தார். மிஷினின் சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் பெரிதாகத் தெரிந்தன. நெருங்கின, ஒரு பொறி தட்டியது, ஒன்றாயின. மேலே ஒரு குழலை மாட்டிச் சூடாக்கி இறுக்கினார். எல்லாம் சேர்த்து பத்து நிமிடம். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “மைனஸ் இருபத்தஞ்சுல நிக்கிதுண்ணே, ஏற்கெனவே ஜாயிண்ட் நிறைய இருக்கு. இன்னும் ரெண்டு ஜாயிண்ட் விழுந்தா இழுக்காது. புது ஒயர் மாத்தணும், நான் சொன்னா கேக்க மாட்டாங்க” என்றார். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. மைனஸ் இருபத்தேழு, இருபத்தெட்டைத் தாண்டினால் பெட்டிக்குக் கண் தெரியாது. பத்து நிமிட வேலைக்கு ஏன் 9 நாள் ஆனது என்று அவரிடம் கேட்டேன். மிஷின் ஒன்றுதான் இருக்கிறது, அவரைச் சேர்த்து இரண்டு பேர் சுற்று வட்டாரம் முழுக்கப் பார்க்கிறார்கள் என்றார். நம் கோபம் முதலில் போய் விழுவது இந்தத் தம்பியின் மேல்தான். அது தவறு. ஆளும் மிஷினும் எத்தனை வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களைத் தீர்மானிக்கவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. டிராய் 2006இல் கொண்டுவந்த அகலக்கற்றைத் தர விதிகளில் அழகான ஓர் அட்டவணை இருந்தது. பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் 7 நாள் கட்டணம் கழிவு. ஏழைத் தாண்டினால் 15 நாள். பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாதக் கட்டணம். 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் மூன்று நாளைத் தாண்டும் பழுதுக்கு ஈடு உண்டு என்கின்றன. நெரிசலுக்கும் விதி இருந்தது. உச்ச நேரத்தில் பாதை 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக்கூடாது என்றது 2006இன் விதி. 2012இன் குறைதீர்ப்பு விதிகள்படி புகாருக்கு எண் தர வேண்டும், தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் மேலே நுகர்வோர் நீதிமன்றம். 2009இல் உச்ச நீதிமன்றம் தந்தித் துறைச் சட்டத்தைக் காட்டி அந்தக் கதவை மூடியது. 2022 பிப்ரவரி 16 அன்று அதே நீதிமன்றம், தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வோடஃபோன் ஐடியா வழக்கில் தெளிவாகச் சொல்லித் திறந்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமே கிடையாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன.

இத்தனை இருந்தும் 500 ரூபாய் இணைப்புக்கு யார் படியேறுவார்? 250 ரூபாய்க் கழிவுக்காக ஒரு நாள் கூலியை விடுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டால், கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே உரிமை. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடப்பது வேறு. அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்த திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள், அறுந்த இணைப்பை இரண்டு முழு வேலை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் தொகையைத் தாமாகவே பில்லில் கழிக்க வேண்டும். தொடங்கியபோது நாளுக்கு 8 பவுண்டு. பழுதைச் சொன்னால் போதும், ஈட்டுக்கென்று தனியே மனு இல்லை. அமெரிக்காவில் 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள், பிஸ்கட் பாக்கெட்டில் சத்து விவரம் அச்சிடுவது போல, விலை, வேகம், டேட்டா அளவு எல்லாவற்றையும் ஒரே வடிவ அட்டையில் காட்டியாக வேண்டும். அந்த அட்டையிலும் நாள் கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தானாகக் கழிப்பது இங்கே முடியாத காரியமா? ஒரு வீட்டுக்கு வெளிச்சம் எந்த நிமிடம் நின்றது, எந்த நிமிடம் திரும்பியது என்பது கேபிள்காரர் அறையில் இருக்கும் ஓ.எல்.டி. இயந்திரத்தில் பதிவாகக்கூடியது. அம்மாவின் காலண்டரைவிடத் துல்லியமான பதிவு. பால்காரரின் நோட்டைப் போல எதிர்த்தரப்பிடமே கணக்கு இருக்கிறது. அதைப் பில்லோடு சேர்க்கும் ஒரு விதிதான் இல்லை. மாதப் பில்லில் ‘இணைப்பு ஓடிய நாள்’ என்று ஒரு வரி அச்சிட வேண்டும், ஓடாத நாளின் காசு கேட்காமலே கழிய வேண்டும். இந்த ஒரு விதி வந்தால் அந்தத் தம்பிக்கு இரண்டாவது மிஷின் வாங்கித் தருவது நிறுவனத்துக்கே லாபமாகிவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் வாங்கும் திட்டங்களுக்கு இது இன்னும் அவசியம். முன்பணம் கட்டிய வாடிக்கையாளரால் விட்டுப் போகவும் முடியாது.

அரசின் கம்பியும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்று 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுதான் இன்றைய பாரத்நெட். நாடே அப்போது காற்றலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2007 முதல் 2010 வரை தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரரான ஆ. இராசா. அலைக்கற்றை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் 122 உரிமங்களை ரத்து செய்ததும், குற்ற வழக்கில் சிறப்பு நீதிமன்றம் அவரை 2017இல் விடுவித்ததும் எல்லார் நினைவிலும் இருக்கும். அந்தப் பத்தாண்டில் பணமும் கவனமும் கோபுரங்களுக்கே போயின, கம்பி பின்தங்கியது. தமிழ்நாட்டில் பாரத்நெட் பணிக்கென 2018இல் டான்ஃபிநெட் நிறுவனம் வந்தது. 2020இல் அதன் ஒப்பந்தப்புள்ளி ரத்தாகி, பணி மேலும் தள்ளிப்போனது. பெரம்பலூர் மாவட்டத்தின் 121 ஊராட்சிகளிலும் அரியலூரின் 201 ஊராட்சிகளிலும் ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்பி வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. போன மாதம் அது எத்தனை நாள் ஓடியது என்று கிராம சபையில் கேட்க வேண்டும்.

2022 செப்டம்பர் பில் வந்தபோது எங்கள் கட்டணம் 500 ரூபாய். 9 நாளில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கழித்தால் 8 வேலை நாள். விதிப்படி பதினைந்து நாள் கட்டணம் கழிய வேண்டும், அதாவது 250 ரூபாய். காலண்டரைப் படம் எடுத்து, மூன்று புகார் எண்களையும் எழுதி, மேல்முறையீட்டு முகவரிக்கு அனுப்பினேன். பதில் எதுவும் வரவில்லை. அடுத்த மாதப் பில்லில் 100 ரூபாய் குறைந்திருந்தது. அந்த வரிக்கு எதிரே ‘பண்டிகைச் சலுகை’ என்று அச்சாகியிருந்தது. அம்மா பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “மிச்சம் நூத்தம்பது எங்கே?” என்று கேட்டார்.